புதுவரவுப் பட்டியலை யாரும் திறப்பதில்லையே!

கேள்வி: ஒரு நிறுவனத்தின் நூலகத்தைத் தனியாளாகக் கவனித்து வருகிறேன். மாதந்தோறும் புதுவரவுப் பட்டியலை எல்லாருக்கும் மின்னஞ்சலில் அனுப்புகிறேன், சுவரொட்டிகளும் ஒட்டிவிட்டேன். வருகிறவர்கள் அதே பத்துப் பேர்தான். சந்தாக்களுக்கான தொகையைக் குறைக்கப்போவதாக நிர்வாகம் சொல்கிறது. நூலகத்தை எப்படி விளம்பரப்படுத்துவது?

பதில்: சுவரொட்டி அழகாகவே இருந்திருக்கும். ஆனால் உங்களிடம் என்ன வந்திருக்கிறது என்பதைச் சொல்லும் பட்டியலைப் பெறுகிறவருக்கோ, வெள்ளிக்கிழமைக்குள் ஓர் அறிக்கையை முடித்தாக வேண்டுமே என்பதுதான் கவலை. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பதை நூலகவியலின் நான்காம் விதியாக எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931இல் வகுத்தார். நிறுவன நூலகர் விற்கும் சரக்கும் அதுவே.

ஆகவே எல்லாரையும் அழைப்பதைச் சில மாதங்கள் நிறுத்திவைத்து, ஒரே ஒரு பிரிவைத் தேர்ந்துகொள்ளுங்கள். அவர்களுடைய வாராந்தரக் கூட்டத்தில் ஓரமாக உட்கார அனுமதி கேளுங்கள். பேச வேண்டாம்; எந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் பேச்சு நின்றுபோகிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். சூட்டில் இறுகிப்போகாத ரப்பர் வளையத்தைத் தேடும் பொறியாளர் ஒருவர் அங்கே இருந்தால், மறுநாள் காலையில் இரண்டே கட்டுரைகளை அவருக்கு அனுப்பி, "இரண்டாவதன் கடைசி அட்டவணையில் நீங்கள் சொன்ன வெப்பநிலைக்கான அளவுகள் இருக்கின்றன" என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த வரிக்காகவே அவர் மீண்டும் உங்களைத் தேடுவார். ஒவ்வொருவரின் தேவையையும் பதிந்துவைத்து, புதிதாக வருவதை அதனோடு பொருத்தி உரியவருக்கு மட்டும் அனுப்பும் முறையை ஐபிஎம்மில் பணியாற்றிய ஹான்ஸ் பீட்டர் லூன் 1958இலேயே முன்வைத்தார். அவர் கணினியை நம்பினார், நீங்கள் ஒரு நோட்டுப் புத்தகத்திலேயே தொடங்கலாம். (கட்டுரைக் கோப்பைப் பலருக்கு அனுப்புமுன், சந்தா ஒப்பந்தம் அதற்கு இடம் தருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.)

நிர்வாகத்திடம் வருகைப் பதிவேட்டை நீட்டுவதில் பயனில்லை. யார் என்ன கேட்டார், பதில் எவ்வளவு நேரத்தில் போயிற்று, அதைக்கொண்டு என்ன முடிவெடுத்தார்கள் என்று எழுதி வாருங்கள். இவ்வளவு பணம் மிச்சமாயிற்று என்று நீங்களே கணக்குச் சொன்னால் நிதிப் பிரிவு நம்பாது; பயன்பெற்ற மேலாளரே இரண்டு வரி எழுதித் தந்தால் அதற்கு எடை அதிகம். கூடவே, பதிப்பாளர்கள் தரும் பயன்பாட்டுக் கணக்கைப் பார்த்து, எவரும் திறக்காத இதழ்கள் எவை என்ற பட்டியலை நிர்வாகம் கேட்குமுன் நீங்களே எடுத்துக்கொண்டு போங்கள்.