மூன்று செஸ் புத்தகம் படித்தும் தோற்கிறேனே!

கேள்வி: வயது 41. ஒரு வருடத்தில் மூன்று செஸ் புத்தகங்களை வரி விடாமல் படித்துவிட்டேன். ஆனாலும் ஏழாம் வகுப்புப் படிக்கும் என் அக்கா மகனிடம் தோற்கிறேன். புத்தகம் படித்தால் செஸ் வருமா, வராதா? - ஒரு வாசகர், திருச்சி

பதில்: வரும் சார். ஆனால் தொடர்கதை படிக்கிற மாதிரி படித்தால் வராது. எதிரே பலகையும் காய்களும் இருந்தனவா என்று நீங்கள் எழுதவே இல்லை, எனக்குச் சந்தேகம் அங்கேதான்.

1858-இல் பாரிஸ் ஓபரா அரங்கில் அமெரிக்க செஸ் மேதை பால் மார்ஃபி ஆடிய ஆட்டம் உங்கள் புத்தகங்களில் ஒன்றிலாவது இருக்கும். 17 நகர்த்தலில் முடிந்தது. எல்லோரும் கடைசியில் அவர் ராணியைப் பலி கொடுத்ததைத்தான் ரசிப்பார்கள். நீங்கள் எட்டாவது நகர்த்தலில் நிறுத்துங்கள். பி7 கட்டத்துச் (வெள்ளையின் பக்கமிருந்து பார்த்தால் இடமிருந்து இரண்டாவது நெடுவரிசையில் ஏழாவது கட்டம்) சிப்பாயை வெள்ளை ராணி சும்மாவே எடுக்கலாம், நானாக இருந்தால் யோசிக்காமல் எடுத்திருப்பேன், மார்ஃபியோ எடுக்காமல் குதிரையை வெளியே கொண்டு வந்தார். ஏன்? எடுத்தால் கறுப்பு ராணி பி4-இல் வந்து செக் வைக்கும், ராணிக்கு ராணி வெட்டுப்படும், ஒரு சிப்பாய் லாபத்தோடு ஆட்டம் மெதுவாக நகரும். அவருக்குத் தாக்குதல்தான் வேண்டியிருந்தது. இதைப் புத்தகம் சொல்லித் தெரிந்துகொண்டால் நாளைக்கே மறந்துவிடும். ஒரு அட்டையால் அடுத்த வரியை மறைத்துக்கொண்டு, ஐந்து நிமிடம் மண்டையை உடைத்து, உங்கள் நகர்த்தலைத் தாளில் எழுதிவிட்டு அப்புறம் அட்டையை நகர்த்துங்கள். தப்பாகத்தான் எழுதுவீர்கள், பரவாயில்லை, அந்தத் தப்பு மறக்காது. இப்படிப் படித்தால் ஒரு ஆட்டத்துக்கே ஒரு மாலை போய்விடும்.

ஓப்பனிங் (ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல்கள்) புத்தகத்தை இப்போதைக்குப் பரணில் போடுங்கள். மனப்பாடம் செய்த வரிசையைப் பையன் நாலாவது நகர்த்தலிலேயே கலைத்துவிடுவான். அதற்குப் பதில் எண்ட்கேம், அதாவது சில காய்களே மிஞ்சியிருக்கும் கடைசிக் கட்டம், பாருங்கள். நம்மிடம் யானையும் ஏழாவது வரிசைக்கு வந்துவிட்ட சிப்பாயும், எதிராளியிடம் வெறும் யானை. சிப்பாய்க்கு முன்னால் நிற்கும் நம் ராஜா வெளியே வந்தால் செக் மேல் செக் விழும். எதிராளியின் ராஜா தள்ளி இருந்தால், நம் யானையை முன்கூட்டியே நாலாவது வரிசைக்குக் கொண்டுவந்து, கடைசியில் குறுக்கே நிறுத்தி செக்கை மறைத்துவிடலாம். பாலம் கட்டுவது என்பார்கள். மருமகனுக்கு இது தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள்!

கேள்வி: பழைய புத்தகக் கடையில் வாங்கிய செஸ் புத்தகத்தில் இ4 என்பதற்குப் பதில் ‘பி-கே4’ என்று இருக்கிறதே? - ஒரு வாசகி, மதுரை

பதில்: அது பழைய குறியீடு. இங்கே ‘பி’ சிப்பாய் (pawn), ‘கே’ ராஜா (king). ராஜா நிற்கும் நெடுவரிசையில் நாலாவது கட்டத்துக்குச் சிப்பாய் போகிறது என்று அர்த்தம். சிக்கல் என்னவென்றால் கறுப்புக்குக் கறுப்பின் பக்கமிருந்து எண்ண வேண்டும், அதனால் வெள்ளையின் நாலு கறுப்புக்கு ஐந்து. 1981-இலேயே உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே இதைக் கைவிட்டுவிட்டது. ஆனாலும் தூக்கிப் போடாதீர்கள், பத்து ஆட்டம் பலகையில் ஆடிப் பார்த்தால் கை பழகிவிடும்.