பழைய கிரேக்க டிராக்மா நோட்டுகளுக்கு இன்று ஏதாவது மதிப்பு உண்டா?

வங்கியில் மாற்ற முடியுமா என்றால், முடியாது. காசுகளை மாற்ற 2004 மார்ச் 1 வரைக்கும், நோட்டுகளை மாற்ற 2012 மார்ச் 1 வரைக்கும்தான் கிரீஸ் அவகாசம் கொடுத்தது.

என் அப்பா கிரேக்க முதலாளி ஒருவரின் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். பிரேயஸ் துறைமுகத்தில் செலவு போக மிஞ்சிய இரண்டு 10,000 நோட்டும் ஒரு 5,000 நோட்டும் பிஸ்கட் டின்னில் கிடந்திருக்கின்றன. 2015இல் வீடு மாற்றும்போதுதான் கண்ணில் பட்டன. 340.75 டிராக்மாவுக்கு 1 யூரோ என்பது யூரோவுக்கு மாறியபோது வைத்த கணக்கு. அதன்படி 25,000 டிராக்மாவுக்கு 73 யூரோ சொச்சம் வரும். மூன்று வருடம் முன்பே டின்னைத் திறந்திருக்கலாம் என்று இன்னும் மனசு அடித்துக்கொள்கிறது.

அந்த 10,000 நோட்டில் இருப்பவர் மருத்துவர் பாப்பனிகோலாவ். கருப்பைவாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கச் செய்யும் 'பாப் ஸ்மியர்' பரிசோதனை அவர் பெயரில் வந்ததுதான். அதனாலேயே அந்த நோட்டை விற்க எனக்கு மனம் வரவில்லை.

இதே டிராக்மா ஒரு காலத்தில் எப்படி இருந்தது தெரியுமா? பெயருக்கே 'ஒரு கைப்பிடி' என்று பொருள். ஓபோல் என்ற சில்லறைக் காசு ஆறு சேர்ந்தால் ஒரு டிராக்மா. பழைய ஏதென்ஸில் அது சுமார் 4.3 கிராம் வெள்ளி. கி.மு. 5ஆம் நூற்றாண்டின் கடைசியில் எரெக்தியம் கோயிலைக் கட்டியவர்களின் கூலிக் கணக்கு கல்வெட்டாகவே கிடைத்திருக்கிறது. தேர்ந்த கைவினைஞருக்கு நாளுக்கு ஒரு டிராக்மா. குடிமகன் பெயரிலும் அடிமை பெயரிலும் ஒரே கூலி எழுதியிருக்கிறார்கள். நம் ஊர்க்காரர்கள் துபாயில் சம்பளமாக வாங்கும் திர்ஹாமும் இந்தச் சொல்லிலிருந்து வந்ததே.

அப்புறம் 1944. நாஜிப் படைகளின் ஆக்கிரமிப்புச் செலவையும் கிரீஸே சுமக்க வேண்டியிருந்தது. நோட்டு அடித்து அடித்து, கடைசியில் 10,000 கோடி டிராக்மாவுக்கு ஒரே நோட்டு வந்தது. அந்த நவம்பரில் 5,000 கோடி பழைய டிராக்மாவுக்கு ஒரு புது டிராக்மா என்று மாற்றினார்கள். 1954இல் மறுபடி மூன்று பூஜ்யங்களை வெட்டினார்கள்.

சரி, உங்கள் கையில் இருப்பதற்கு வருவோம். 1980, 90களின் நோட்டுகள் ஏராளமாகப் புழங்கியவை. மடிப்பு விழுந்திருந்தால் சேகரிப்பாளர்கள் பெரிதாகத் தர மாட்டார்கள். மடங்காத புது நோட்டுக்குக் கூடுதலாகக் கிடைக்கும். ஆந்தை பொறித்த பழைய வெள்ளிக்காசு என்று யாராவது கொண்டுவந்தால் அவசரப்படாதீர்கள், போலிகள் மிக அதிகம். அந்த ஆந்தைக் காசு, அதாவது ஏதென்ஸின் நான்கு டிராக்மா காசு, 17.2 கிராம் அளவில் இருக்கும். விளிம்பைச் சுற்றி வார்ப்புக் கோடு (உலோகத்தை அச்சில் ஊற்றிச் செய்ததன் தடம்) தெரிந்தால் வாங்கவே வேண்டாம். உங்களிடம் இருக்கும் பழங்காசு எதையும் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், உள்ள விலையும் போய்விடும்.

அந்த ஆந்தையைப் பார்க்க ஆசை என்றால், கிரீஸ் வெளியிட்ட 1 யூரோ காசைத் திருப்பிப் பாருங்கள். பழைய வெள்ளிக்காசை அப்படியே அதில் பொறித்திருக்கிறார்கள்.