செயற்கை இதயப் பம்பில் ரத்த ஓட்டத்தைச் சமன் செய்வது யார், மெஷினா டாக்டரா?

கேள்விக்குக் கீழே, "வேகத்தைக் கூட்டினால் ரத்தம் அதிகமாகப் போகும்தானே, ஏன் குறைவாகவே வைக்கிறார்கள்?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். இதை யாரும் பொழுதுபோகாமல் கேட்க மாட்டார்கள். வீட்டில் யாருக்கோ பம்ப் வைத்திருக்கிறார்கள், நீங்களும் ஐசியு வாசலில் உட்கார்ந்து மானிட்டரில் பார்த்த எண்ணை நினைத்துக் குழம்பிக்கொண்டிருக்கிறீர்கள். அப்படித்தான் எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. நான் சொல்லாவிட்டால் வேறு யாராவது வந்து சொல்வார்கள் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெர்ஃப்யூஷனிஸ்ட். ஆபரேஷனின்போது இதயத்தை நிறுத்திவைக்கும் நேரத்தில் இதயம், நுரையீரல் இரண்டின் வேலையையும் செய்யும் ஹார்ட் லங் மெஷினை ஓட்டுவது நாங்கள்தான். எங்கள் ஆஸ்பத்திரியில் பம்ப் வைத்தவர்களைக் கவனிப்பதும் எங்கள் தலையில்தான் விழுகிறது. சர்ஜன் படம் பேப்பரில் வரும், எங்கள் பெயர் டிஸ்சார்ஜ் சம்மரியில்கூட வராது. சரி, அது இருக்கட்டும்.

பதில்: எந்தக் கருவி என்பதைப் பொறுத்தது. எல்லாவற்றையும் செயற்கை இதயம் என்றே சொல்லிவிடுகிறோம். இங்கே பெரும்பாலும் வைப்பது எல்வேட், அதாவது இடது கீழறைக்கு மட்டும் துணைப் பம்ப். சொந்த இதயம் உள்ளேயே இருக்கும். வலது பக்கம் பழையபடி தானேதான் வேலை செய்தாக வேண்டும். குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பெரியவர் ஒருவருக்கு நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தம் சுற்றுகிறது. வலது பக்கம் அதை நுரையீரலுக்கு அனுப்பும், இடது பக்கம் நுரையீரலிலிருந்து வாங்கி உடம்புக்கு அனுப்பும். இடது பக்கம் நிமிடத்துக்கு வெறும் 50 மில்லி குறைவாக வாங்கினால், நூற்றில் ஒரு பங்குதான், பத்து நிமிடத்தில் அரை லிட்டர் நுரையீரலில் தேங்கிவிடும். (நிஜ உடம்பில் அப்படி நேர்கணக்காக நடக்காது என்று எனக்கும் தெரியும். அளவு புரிவதற்காகச் சொல்கிறேன்.) அதற்காக இரண்டு பக்கமும் அச்சாகச் சமமாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. மூச்சுக்குழாய்களுக்குப் போகும் ரத்தத்தில் ஒரு பகுதி வலது பக்கம் வராமலே நேராக இடது பக்கம் திரும்பிவிடுகிறது. அதனால் இடது பக்கம் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே தள்ள வேண்டும். சொந்த இதயம் இதைத் தானாகவே செய்துகொள்ளும், அதிகமாக நிரம்பினால் அதிகமாக அழுத்தித் தள்ளும். சுழலும் பம்புக்கு அந்தப் புத்தி ரொம்பக் குறைவு. வேகத்தை நாம் வைத்தால் அந்த வேகத்தில் சுற்றும், அவ்வளவுதான்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. இதே கேள்வியை என்னிடம் நேரில் கேட்டவர் ஒருவர் உண்டு. செங்குன்றம் பக்கம் அரிசி மண்டி வைத்திருக்கும் குடும்பம். அப்பாவுக்கு எல்வேட். மகன்தான் மண்டிக் கணக்கைப் பார்ப்பவர், அதனால் எண் என்றால் விடமாட்டார். பம்ப் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தள்ளுகிறது என்று காட்டும் எண்ணைக் கண்ணாடி வழியாக இரண்டு பெட்டின் மானிட்டரிலும் பார்த்துவிட்டார்.

"சிஸ்டர், பக்கத்து பெட்ல அஞ்சு காட்டுது. எங்க அப்பாவுக்கு மூணரைதான் காட்டுது. வீட்ட அடமானம் வெச்சு குடுத்திருக்கோம் சிஸ்டர், கொஞ்சம் ஏத்தி விடச் சொல்லுங்க."

நான் சிஸ்டர் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் அதையெல்லாம் திருத்திக்கொண்டிருக்க முடியாது. இப்போதைக்கு ஏற்றக் கூடாது, வலது பக்கம் இன்னும் தேறவில்லை என்று சொன்னேன். அவர் என்னை விட்டுவிட்டு நைட் டியூட்டி டாக்டரைப் பிடித்துக்கொண்டார். சின்னப் பையன், பாவம், எத்தனை முறைதான் மறுப்பான்? பம்பின் வேகம் நிமிடத்துக்கு 5,200 சுற்றில் இருந்ததை 5,400 ஆக்கினான்.

முதல் சில நிமிடம் எண் ஏறியது, 3.9. மகன் கண்ணாடிக்கு வெளியே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அப்புறம் கழுத்துக் குழாயில் காட்டும் சிவிபி, அதாவது வலது இதயத்துக்கு வரும் ரத்தத்தின் அழுத்தம், 12லிருந்து 18 ஆனது. பம்பின் எண் கீழே வர ஆரம்பித்தது. இடது அறை எவ்வளவு நிரம்புகிறது என்று காட்டும் துடிப்பு அளவு சரிந்ததும் பம்ப் தானாகவே வேகத்தைக் குறைத்தது, மெல்ல ஏறியது, திரும்பவும் குறைத்தது. எக்கோ மெஷினைக் கொண்டுவந்து பார்த்தால், இடது அறை ஒரு கீற்றுப் போல ஒட்டிக்கிடக்கிறது. இரண்டு அறைக்கும் நடுவில் உள்ள சுவர் இடது பக்கம் இழுபட்டு வளைந்திருக்கிறது. அந்தச் சுவரும் சேர்ந்து அழுத்தினால்தான் வலது அறையால் ஒழுங்காகத் தள்ள முடியும். சுவர் போனதும் வலது அறை வீங்கிக்கொண்டு தடுமாறுகிறது. வலது தள்ளாவிட்டால் இடதுக்கு ரத்தம் வராது, வராத ரத்தத்தையும் பம்ப் உறிஞ்சப் பார்க்கும்.

சீனியர் போனிலேயே சொன்னார். வேகம் 5,000. இதயம் பலமாகத் தள்ள மில்ரினோன் டோஸைக் கூட்டு, நுரையீரல் ரத்தக் குழாய்களைத் தளர்த்த மூச்சுக் குழாய் வழியாக நைட்ரிக் ஆக்சைடு, தேங்கிய நீர் வெளியேற லாசிக்ஸ். விடியும்போது எண் 4.2 காட்டியது. முதலில் இருந்ததைவிடக் குறைந்த வேகத்தில், அதிக ஓட்டம்.

"கொறைச்சா எப்படி சிஸ்டர் கூடுது?" என்று மகன் வந்து நின்றார். சென்னைக்காரருக்குப் புரிகிற மாதிரிதான் சொன்னேன். சம்பில் தண்ணீர் இருந்தால்தான் மோட்டார் டேங்குக்கு ஏற்றும். மெட்ரோ வாட்டர் மெதுவாக வரும்போது பெரிய மோட்டாரைப் போட்டால் காற்றைத்தான் இழுக்கும். வலது இதயம்தான் மெட்ரோ வாட்டர். சட்டென்று புரிந்துகொண்டார்.

எனக்கு இது வாயில் வந்ததற்குக் காரணம் எங்கள் ஃபிளாட் செக்ரட்டரி. மே மாதம், சம்பில் அடிமட்டத் தண்ணீர். ஏற்ற வேண்டாம், லாரி வரட்டும் என்று குரூப்பில் எழுதிவிட்டு நைட் டியூட்டிக்குப் போனேன். காலையில் வந்தால் மோட்டார் காயில் எரிந்து மாடிப்படி வரை நாற்றம். காற்று இழுத்துக்கொண்டே இரவு முழுக்க ஓடியிருக்கிறது. ஆன் செய்தவர் அவர், செலவு மட்டும் எல்லா வீட்டுக்கும் பங்கு. தண்ணீர் இல்லாவிட்டால் மோட்டாரைத் தானாக நிறுத்தும் ட்ரை ரன் கட் ஆஃப் வைக்கலாம் என்று இரண்டு மீட்டிங்காகக் கத்துகிறேன், "பட்ஜெட் இல்லை" என்கிறார். கேட்டுக்குப் பெயின்ட் அடிக்க மட்டும் பட்ஜெட் இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். மானிட்டரில் காட்டும் அந்த ஓட்ட எண் பல பம்புகளில் நேரடியாக அளந்தது இல்லை. வேகம், பம்ப் இழுக்கும் மின்சாரம், நாங்கள் உள்ளே போட்டுவைக்கும் ஹெமடோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு), இவற்றை வைத்துப் போடும் கணக்கு. அதனால் பக்கத்துப் பெட்டோடு ஒப்பிடாதீர்கள்.

இரண்டு கீழறையையும் எடுத்துவிட்டு வைக்கும் முழுச் செயற்கை இதயத்தில் சமன் செய்யும் வேலை கருவிக்கே வந்துவிடுகிறது. காற்றழுத்தத்தில் இயங்கும் சின்கார்டியாவில் 70 மில்லி அறையை முழுக்க நிரம்ப விடமாட்டார்கள், ஆனால் நிரம்பியதை முழுக்கக் காலி செய்துவிடுவார்கள். வந்தது அத்தனையும் வெளியே போய்விடும். எளிய ஏற்பாடு, ஆனால் எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் பாருங்கள். பைவாகோர் என்ற இன்னொரு முழுச் செயற்கை இதயத்தில் காந்தத்தில் மிதக்கும் ஒரே சக்கரம், ஒரு முகம் இடதுக்கு, மறு முகம் வலதுக்கு. ஒரு பக்கம் அழுத்தம் மாறினால் சக்கரம் கொஞ்சம் நகர்ந்து இடைவெளியை மாற்றிச் சமன் செய்துகொள்ளும். அதைக் கண்டுபிடித்த ஆஸ்திரேலியர் டேனியல் டிம்ஸின் அப்பா பிளம்பர். இருவரும் சேர்ந்து கடைக் குழாய்களை வைத்துத்தான் ரத்த ஓட்ட மாதிரி கட்டிப் பார்த்தார்கள். 2024 ஜூலையில் ஹூஸ்டனில் முதல் மனிதருக்கு வைத்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில் சிட்னியில் வைத்துக்கொண்டவர் 100 நாளுக்கு மேல் அதோடு வாழ்ந்து, பிறகு மாற்று இதயம் பெற்றார். நம் சேனல்களில் "டைட்டானியம் இதயம்" என்று உலோகத்தைப் பற்றித்தான் பேசினார்கள். சக்கரம் நகர்வதைப் பற்றி நான் பார்த்தவரை ஒருவரும் பேசவில்லை.

உங்கள் வீட்டில் உள்ளவருக்கு இன்னும் ஆபரேஷன் ஆகவில்லை என்றால், டாக்டரிடம் பம்ப் எந்தக் கம்பெனி என்று கேட்பதற்கு முன்னால் "வலது பக்கம் எப்படி இருக்கிறது, ரைட் ஹார்ட் கத்தீட்டர் பார்த்தாகிவிட்டதா, தேறாவிட்டால் தற்காலிகமாக வலதுக்கும் பம்ப் வைப்பீர்களா" என்று கேளுங்கள். ரைட் ஹார்ட் கத்தீட்டர் என்பது வலது இதயத்துக்குள் மெல்லிய குழாயை விட்டு அழுத்தத்தை அளப்பது. ஆகிவிட்டது என்றால், வேகத்தை எக்கோ பார்த்துத்தான் வைப்பார்கள், வைக்கட்டும். வீட்டுக்கு வந்த பிறகு தினமும் காலையில் எடை பாருங்கள். ஓரிரு நாளில் திடீரென்று ஏறினாலோ, கால் வீங்கினாலோ, வயிறு உப்பினாலோ, உப்பைக் குறைத்துப் பார்க்கலாம் என்று காத்திருக்காமல் பம்ப் டீமுக்குப் போன் செய்யுங்கள். எடை மெஷின் டிஜிட்டலாக வாங்குங்கள், முள் ஓடும் மெஷினில் அரைக் கிலோ வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது.