அதே வாசல், அதே வரிசை

கேள்வி: நான் கிராமத்தில் பொது மருத்துவராக இருக்கிறேன். தலைவலி, தூக்கமின்மை, உடற்சோர்வு என்று வருகிறவர்களில் பலருக்கு மாத்திரையைவிட மனம்விட்டுப் பேச ஓர் ஆளே தேவைப்படுகிறது. என் மருத்துவமனையிலேயே வாரம் ஒரு நாள் மனநல ஆலோசகரை அமர்த்தலாமா? ஊர்ப்பேச்சுக்கு அஞ்சி எவரும் வராமல் போவார்களோ என்று தயங்குகிறேன்.

பதில்: ஊர்ப்பேச்சுக்கு அஞ்சுகிறவர்களுக்குத்தான் இந்த ஏற்பாடு மிகவும் பொருந்தும். காய்ச்சலுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வருகிறவர்களோடு அதே வாசலில் நுழைந்து அதே வரிசையில் அமர்ந்திருப்பவர் எதற்காக வந்தார் என்று பிறரால் ஊகிக்க முடியாது. ஆகவே ஆலோசகர் வரும் நாள், கூட்டம் குறைந்த நாளாக இல்லாமல், நோயாளிகள் நிறைந்த நாளாகவே இருக்கட்டும். அறைக் கதவில் தனிப் பலகை வேண்டாம். உள்ளே பேசுவது வெளியே கேட்கக் கூடாது. கிராமத்தில் உங்கள் ஊழியரே நோயாளியின் உறவினராக இருக்கக்கூடும் என்பதால், ஆலோசனைக் குறிப்புகளைப் பொதுக் கோப்பில் சேர்க்காமல் தனியே பூட்டி வையுங்கள். ஆலோசகர் உங்களிடம் எதைத் தெரிவிப்பார், எதைத் தெரிவிக்கமாட்டார் என்பதையும், உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் இந்த இரகசியம் தளரும் என்பதையும் முதல் நாளே நோயாளியிடம் சொல்லிவிட வேண்டும்.

சீட்டு எழுதி அனுப்பாமல், நீங்களே அழைத்துச் சென்று ஆலோசகரிடம் அறிமுகப்படுத்துங்கள். உங்கள்மீதுள்ள நம்பிக்கை அவரையும் சென்றடையும்.

மனச்சோர்வைக் கண்டறிய உதவும் பி.எச்.கியூ-9 வினாப்பட்டியல், கடந்த 2 வாரங்களைப் பற்றிய 9 கேள்விகளைக் கொண்டது. மொத்த மதிப்பெண் 27. நோயாளிக்கு 10 அல்லது அதற்கு மேல் வந்தால் விரிவாக விசாரிக்க வேண்டும். ஆனால் மொத்தம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், சாவைப் பற்றிய எண்ணத்தைக் கேட்கும் ஒன்பதாவது கேள்விக்கு 'இல்லை' என்பதைத் தவிர வேறு பதில் வந்தால், அன்றே அவரோடு அமர்ந்து பேசுங்கள். வீட்டில் பூச்சிமருந்து இருக்கிறதா என்று கேட்டு, அதை அவர் கைக்கு எட்டாமல் அகற்றச் செய்யுங்கள்.

பட்டம் பெற்ற ஆலோசகர் கிடைக்காவிட்டாலும் இம்முயற்சியைக் கைவிட வேண்டியதில்லை. ஜிம்பாப்வேயில் 2006 முதல், பயிற்சி பெற்ற மூத்த பெண்கள் ஆரம்ப சுகாதார நிலையங்களின் வளாகத்தில் மரப் பெஞ்சில் அமர்ந்து இப்பணியைச் செய்கிறார்கள். உலக சுகாதார நிறுவனமும், நிபுணரல்லாதவர் பயிற்சி பெற்று 5 அமர்வுகளில் நடத்தக்கூடிய ஒரு முறையை 2016இல் வெளியிட்டது. எனினும், நீங்கள் அமர்த்தும், மற்றவர் துயரத்தை வாரந்தோறும் கேட்கிற ஊழியர், தொலைபேசி வழியாகவேனும் அனுபவமிக்க நிபுணர் ஒருவரிடம் தவறாமல் கலந்து பேசும் வாய்ப்பைத் தொடக்கத்திலேயே உறுதிசெய்துகொள்ளுங்கள்.