‘உத்தரவாதம் முடிந்துவிட்டது’ என்கிறார் கடைக்காரர்

பிரான்ஸில் வாழும் வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பாரிஸின் புறநகர் ஒன்றில் வசிக்கிறோம். பதினான்கு மாதங்களுக்கு முன் 430 யூரோ கொடுத்து வாங்கிய சலவை இயந்திரம், தண்ணீரை வெளியேற்றாமல் நின்றுவிட்டது. கடையில் கேட்டால், ‘ஓராண்டு உத்தரவாதம் முடிந்துவிட்டது, தயாரித்த நிறுவனத்தைக் கேளுங்கள்’ என்கிறார்கள். நிறுவனமோ, ஆள் வந்து பார்க்கவே 90 யூரோ என்கிறது. ‘மொழி தெரியாத ஊரில் வம்பு எதற்கு, புதிதாக ஒன்று வாங்கிவிடலாம்’ என்கிறார் என் கணவர். என்ன செய்வது?

பதில்: புதிதாக வாங்காதீர்கள். அந்த 90 யூரோவையும் கொடுக்காதீர்கள். முதலில் இயந்திரத்தின் அடிப்பகுதியில் உள்ள சிறிய மூடியைத் திறந்து வடிகட்டியைப் பாருங்கள். கீழே ஒரு தட்டும் பழைய துண்டும் வைத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் கொட்டும். சட்டைப் பையில் மறந்த நாணயமோ குழந்தையின் காலுறையோ அடைத்திருந்தால் எடுத்துவிட்டாலே ஓடும். அப்படி எதுவும் இல்லையென்றால், இனிச் சொல்வதைக் கவனியுங்கள்.

கடைக்காரர் சொல்லும் ஓராண்டு, நிறுவனம் தானாக விரும்பித் தருகிற உத்தரவாதம். அது வேறு. சட்டம் தருகிற உத்தரவாதம் வேறு. ‘கரான்தி லெகால் த கோன்ஃபோர்மித்தே’ என்பது அதன் பெயர். புதிய பொருளுக்கு அது இரண்டு ஆண்டுகள், பொருள் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து. அதற்குப் பொறுப்பு உங்களுக்கு விற்ற கடைதான். ‘நிறுவனத்தைக் கேளுங்கள்’ என்று உங்களை அனுப்பிவிடக் கடைக்கு உரிமை இல்லை.

இந்தச் சட்டத்தின் உண்மையான பலம் இன்னொரு இடத்தில் இருக்கிறது. அந்த இரண்டு ஆண்டுகளுக்குள் ஒரு கோளாறு வெளிப்பட்டால், அது வாங்கிய நாளிலேயே பொருளுக்குள் இருந்தது என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது. நிரூபிக்கவேண்டிய சுமை உங்கள் தலையில் இல்லை. ‘நீங்கள் சரியாகப் பயன்படுத்தவில்லை’ என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்கவேண்டும். பாரிஸ் வட்டாரத்துத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். அதனால், ‘சுண்ணாம்பு படிந்து கெட்டுவிட்டது, உங்கள் பராமரிப்புக் குறைவு’ என்று சொல்லிப் பார்ப்பார்கள். ‘அப்படியென்றால் அதை எழுத்தில் கொடுங்கள்’ என்று கேளுங்கள். பெரும்பாலும் பேச்சின் தொனி அங்கேயே மாறிவிடும்.

நீங்கள் கேட்கவேண்டியது பழுதுநீக்கம் அல்லது மாற்றுப் பொருள். எது வேண்டும் என்று தேர்ந்தெடுப்பது நீங்கள்தான். நீங்கள் கேட்பது மற்றதைவிட மிக அதிகச் செலவு வைத்தால் மட்டும் கடை மறுக்கலாம். உங்களிடமிருந்து ஒரு சென்ட்கூட வாங்காமல், 30 நாட்களுக்குள் முடித்துத் தரவேண்டும். முடிக்கவில்லையென்றால் இயந்திரத்தைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். பழுதுநீக்கித் தந்தால், உத்தரவாதம் மேலும் ஆறு மாதம் நீள்கிறது. இந்த உரிமையைத் தீய நோக்கத்துடன் தடுக்கும் விற்பனையாளருக்கு 300 000 யூரோ வரை அபராதம் விதிக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

கடைக்குப் போய் ஒரே வாக்கியம் சொல்லுங்கள்: ‘லா கரான்தி லெகால், சே தெ ஸான்’. சட்டபூர்வ உத்தரவாதம் இரண்டு ஆண்டு என்று பொருள். உச்சரிப்பைப் பற்றிக் கவலைப்படவேண்டாம், அவர்களுக்கு நன்றாகப் புரியும். அப்போதும் மறுத்தால் வாக்குவாதம் செய்யாமல் வீட்டுக்கு வந்து, ஒப்புகை அட்டையுடன் கூடிய பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். தபால் நிலையத்தில் ‘ரெகொமாந்தே’ என்று கேட்டாலே எடுத்துத் தருவார்கள். வாங்கிய தேதி, ரசீது எண், கோளாறு தெரிந்த நாள், நீங்கள் கேட்பது என்ன, எத்தனை நாளில் வேண்டும் ஆகிய ஐந்தும் அதில் இருந்தால் போதும். பிரெஞ்சு இலக்கணம் பிழையாக இருந்தாலும் கடிதம் செல்லும்.

பதில் வராவிட்டால், அரசின் நுகர்வோர் துறை நடத்தும் ‘சிஞால் கோன்சோ’ தளத்தில் புகாரைப் பதியுங்கள். அதோடு, ஒவ்வொரு வணிகரும் ஒரு நுகர்வோர் சமரசரை அமர்த்தி, அவர் பெயரைத் தம் விற்பனை விதிகளில் அறிவித்திருக்கவேண்டும். அந்த ‘மேதியத்தர்’ உங்களிடம் கட்டணம் வாங்கமாட்டார். ஆனால் நீங்கள் கடைக்கு முன்பே எழுதியிருந்தால்தான் உங்கள் வழக்கை எடுப்பார். பதிவுத் தபாலை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்கு அதுவும் ஒரு காரணம்.

உங்கள் கணவர் சொல்வதை நான் நன்றாக அறிவேன். இங்கு வந்த புதிதில் எங்கள் குளிர்பதனப் பெட்டி பதினாறாவது மாதத்தில் நின்றுபோனபோது, கடைக்காரர் சொன்னதை நம்பி 140 யூரோ கொடுத்துச் சரிசெய்தோம். அந்த மாதம் அது எங்களுக்குப் பெரிய தொகை. கேட்டால் ஏதாவது தவறாகிவிடுமோ, குடியிருப்பு அட்டைக்குச் சிக்கல் வருமோ என்றெல்லாம் அஞ்சினோம். சலவை இயந்திரத்துக்கும் குடியிருப்பு அட்டைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பிரான்ஸில் வாங்கிய எவருக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். உங்கள் கணவரிடம் இதைத் தயவுசெய்து படித்துக் காட்டுங்கள்.

ரசீதைப் பற்றி ஒரு சொல்: 2023 ஆகஸ்ட் 1 முதல் கடைகளில் ரசீதைக் கேட்டால்தான் அச்சிட்டுத் தருகிறார்கள். ஆனால் வீட்டுச் சாதனங்களுக்குக் கேட்காமலே தரவேண்டும். அந்தத் தாளில் எழுத்து ஓராண்டில் மங்கிவிடும் என்பதால், வாங்கிய அன்றே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் தெரு ரொட்டிக் கடையில் ‘பகெத்’ என்று ஒன்றும் ‘த்ரதிசியோன்’ என்று ஒன்றும் இருக்கின்றன. இரண்டாவது விலை கூடுதல். வெறும் பெயருக்கா இந்த விலை?

பதில்: இல்லை, அந்தப் பெயரைச் சட்டம் காக்கிறது. 1993 செப்டம்பர் 13 தேதியிட்ட ஆணைப்படி, ‘த்ரதிசியோன்’ ரொட்டியை எந்த நிலையிலும் உறையவைக்கக் கூடாது, சேர்க்கைப் பொருள் எதுவும் போடக் கூடாது. கோதுமை மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் அல்லது புளித்த மாவுதான் அதன் அடிப்படை. சாதாரண பகெத்துக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. வாசலில் ‘பூலான்ழ்ரி’, அதாவது ரொட்டிக் கடை, என்று பெயர்ப்பலகை வைக்கவும் நிபந்தனை உண்டு: மாவு பிசைவதும் சுடுவதும் விற்கும் இடத்திலேயே நடக்கவேண்டும் என்கிறது 1998-ஆம் ஆண்டுச் சட்டம். பலகையில் அந்தச் சொல் இல்லாத கடையில், உறைந்து வந்த மாவைச் சுட்டு விற்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். என் கருத்தைக் கேட்டால், சாம்பாரில் தோய்க்க எது வாங்கினாலும் சரி. வெண்ணெய் தடவித் தனியாகச் சாப்பிட ‘த்ரதிசியோன்’ வாங்குங்கள்.

கேள்வி: துலூஸில் மூன்று ஆண்டுகள் தளபாடங்களுடன் கூடிய ஓர் அறையில் வாடகைக்கு இருந்தேன். படிப்பு முடிந்து மூன்று மாதங்களுக்கு முன் சாவியை ஒப்படைத்தேன். 900 யூரோ முன்பணத்தில் 380 யூரோவைச் ‘சுவருக்கு வண்ணம் பூச’ என்று வீட்டு உரிமையாளர் பிடித்துக்கொண்டார். மீதி இன்னும் வரவில்லை. மாதக் குடிக்கூலி 450 யூரோ. நான் இப்போது லியோனில் இருக்கிறேன்.

பதில்: தம்பி, முதலில் ஒன்று கேட்கிறேன்: லியோன் முகவரியை அவருக்கு எழுத்தில் தெரிவித்தாயா? இல்லையென்றால் இன்றே தெரிவித்துவிடு. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

தளபாடத்துடன் கூடிய வீட்டுக்கு இரண்டு மாதக் குடிக்கூலி வரை முன்பணம் வாங்கலாம். அந்த வகையில் 900 சரிதான். நீ வந்தபோது எழுதிய வீட்டுநிலைப் பத்திரமும் போகும்போது எழுதியதும் ஒத்திருந்தால், சாவி கொடுத்த ஒரு மாதத்துக்குள் பணம் வரவேண்டும். வேறுபாடு இருந்தால் இரண்டு மாதம். எப்படிப் பார்த்தாலும் அவர் கெடுவைத் தாண்டிவிட்டார்.

இனி வண்ணம். இங்கே ‘வெத்துஸ்தே’ என்ற சொல்லைப் பிடித்துக்கொள். காலம் ஓடுவதாலும் இயல்பாகப் புழங்குவதாலும் ஏற்படும் தேய்மானம் என்று அதற்குப் பொருள், அதற்குக் குடியிருப்பவர் பணம் கொடுக்கவேண்டியதில்லை. மூன்று ஆண்டில் சுவர் மங்குவது தேய்மானம்தான். சுவரில் பெரிய துளை போட்டிருந்தாலோ, தாளிப்புப் புகையில் சமையல் மூலை முழுதும் மஞ்சளாகிப்போயிருந்தாலோ கதை வேறு. அப்போதும் அவர் வாயால் சொன்னால் போதாது: விலைமதிப்போ ரசீதோ படமோ காட்டவேண்டும். புதிய வண்ணத்தின் முழுச் செலவையும் உன் தலையில் கட்டவும் முடியாது, பழைய வண்ணத்துக்கும் வயதாகிவிட்டதே.

இரண்டு பத்திரங்களையும் பக்கத்தில் வைத்து வரிவரியாக ஒப்பிட்டுப் பார். பிறகு அதே பதிவுத் தபால். 1989 ஜூலை 6 தேதியிட்ட வாடகைச் சட்டத்தைக் குறிப்பிட்டு, எட்டு நாள் கெடு வைத்து எழுது. தாமதத்துக்காக, தொடங்கிய ஒவ்வொரு மாதத்துக்கும் குடிக்கூலியில் 10 விழுக்காடு, அதாவது உன் கணக்கில் மாதம் 45 யூரோ, கூடுதலாகக் கேட்க உனக்கு உரிமை உண்டு. ஆனால் புதிய முகவரியைத் தெரிவிக்காதவருக்கு இந்தக் கூடுதல் கிடைக்காது. முகவரியைத்தான் முதலில் கேட்டேன், அதற்காகத்தான்.

அவர் அசையாவிட்டால் மாவட்டச் சமரசக் குழுவுக்கு விண்ணப்பி, கட்டணம் இல்லை. ‘அதில்’ (ADIL) என்ற வீட்டுவசதித் தகவல் அமைப்பின் சட்ட ஆலோசகர்கள் உன் கடிதத்தைப் பார்த்து இலவசமாக ஆலோசனை சொல்வார்கள். ‘மாணவன்தானே, ஊரைவிட்டுப் போனபின் எங்கே கேட்கப் போகிறான்’ என்று எண்ணுகிற உரிமையாளர்கள் இருக்கிறார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. 380 யூரோ ஒரு மாணவனுக்கு ஏறத்தாழ ஒரு மாதக் குடிக்கூலி. அந்தப் பணத்தை விட்டுவிடாதே.

கேள்வி: பொருட்காட்சிக்குப் போன இடத்தில் விற்பனையாளர் பேச்சில் மயங்கி 2 900 யூரோவுக்குச் சமையலறை அலமாரிகளுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பதினான்கு நாட்களுக்குள் ரத்து செய்யலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மையா?

பதில்: வருத்தத்துடன் சொல்கிறேன், உண்மை இல்லை. அந்தப் பதினான்கு நாள் இணையத்திலும் தொலைபேசியிலும் வாங்குவதற்கும், வீடு தேடி வந்து விற்பவரிடம் வாங்குவதற்கும் உரியது. கடையிலோ பொருட்காட்சியிலோ நீங்களே போய் வாங்கினால் அந்த உரிமை இல்லை. ஒரே ஒரு கதவு திறந்திருக்கலாம்: அந்த அலமாரிக்கென்றே விற்பனையாளர் மூலம் கடன் எடுத்தீர்களா? அப்படியென்றால் பதினான்கு நாளுக்குள் கடனிலிருந்து விலகுங்கள், அதனுடன் கொள்முதலும் கலைந்துவிடும். விலகும் படிவம் கடன் ஒப்பந்தத்துடன் இணைந்திருக்கும். ரொக்கமாகவோ அட்டையிலோ கட்டியிருந்தால், ரத்து செய்ய உரிமை இல்லை என்று கையெழுத்துக்கு முன் உங்களுக்கு அறிவித்தார்களா, ஒப்பந்தத்தில் அது தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நுகர்வோர் சங்கம் ஒன்றிடம் அந்தத் தாளைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

கேள்வி: கைப்பேசி நிறுவனத்தை மாற்றவேண்டும், எண் மாறக் கூடாது.

பதில்: உங்கள் கைப்பேசியிலிருந்து 3179-ஐ அழையுங்கள், இலவசம். ‘ரியோ’ என்ற குறியீட்டுடன், ஒப்பந்தக் காலம் முடியும் தேதியும் குறுஞ்செய்தியாக வரும். குறியீட்டைப் புதிய நிறுவனத்திடம் கொடுத்தால் பழையதை அவர்களே ரத்து செய்வார்கள். நீங்களாக முன்கூட்டியே ரத்து செய்துவிடாதீர்கள், எண் போய்விடலாம்.

கேள்வி: மதுரையிலிருந்து அம்மா அனுப்பும் பொட்டலத்துக்குச் சில சமயம் வரி கேட்கிறார்கள், சில சமயம் கேட்பதில்லை. இம்முறை ஊறுகாய், பொடிகள், புடவை, ஒரு போத்தல் நெய் அனுப்புவதாகச் சொல்கிறார். நேற்று ‘2.99 யூரோ கட்டினால் பொட்டலம் கிடைக்கும்’ என்று ஒரு குறுஞ்செய்தியும் வந்தது.

பதில்: குறுஞ்செய்தியிலிருந்து தொடங்குகிறேன். அம்மா இன்னும் அனுப்பவே இல்லை, பிறகு எப்படிப் பொட்டலம் காத்திருக்கும்? அந்த இணைப்பைத் தொடாதீர்கள். செய்தியை அப்படியே 33700 என்ற எண்ணுக்கு அனுப்பிவிட்டு அழித்துவிடுங்கள். அட்டை எண்ணை ஏற்கெனவே கொடுத்திருந்தால் இதைப் படித்து முடிக்கும் வரை காத்திருக்காமல் வங்கியை அழைத்து அட்டையை முடக்குங்கள்.

வரி விஷயம் இதுதான். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து ஒரு தனிநபர் இன்னொரு தனிநபருக்கு அனுப்பும் அன்பளிப்பின் மதிப்பு 45 யூரோவுக்குள் இருந்தால் வரி இல்லை. அதற்கு மேல் போனால் மதிப்புக்கூட்டு வரியும், பொட்டலத்தைக் கொண்டுவருபவரின் கையாளும் கட்டணமும் சேரும். சுங்கப் படிவத்தில் ‘அன்பளிப்பு’ என்ற கட்டத்தில் குறியிட்டு, ஒவ்வொரு பொருளையும் அதன் உண்மை விலையுடன் எழுதச் சொல்லுங்கள். ‘வீட்டுச் சாமான்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதிய பெட்டிகளைத்தான் திறந்து பார்க்கிறார்கள். பட்டுப் புடவையைப் பொடிகளுடன் சேர்த்தால் 45 யூரோவைத் தாண்டிவிடும். ஊருக்குப் போய் வருபவர்களிடம் கொடுத்துவிடச் சொல்லுங்கள்.

நெய் வரக் கூடாது. ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து இறைச்சியும் பால் பொருட்களும் தபாலிலும் அனுமதியில்லை, பயணப் பெட்டியிலும் அனுமதியில்லை. பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். இரண்டையும் சுங்கத்தில் பிடித்தால் அழித்துவிடுவார்கள், அம்மாவின் உழைப்பு வீணாகும்.

அம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: கறிவேப்பிலை பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பேல் பகுதியில் கிடைக்கிறது. நெய்யை இங்கேயே காய்ச்சிக்கொள்ளலாம், இந்த நாட்டு வெண்ணெய் அதற்கு மிகவும் ஏற்றது. பொட்டலத்தில் ‘தூ’ என்று போட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், அது உப்பில்லாதது. ‘தெமி-செல்’ என்றால் உப்பு போட்டது, நெய்க்கு ஆகாது. சிறு தீயில், கொழுப்பு பொன்னிறமாகி அடியில் கசடு சிவக்கத் தொடங்கும்போது இறக்கிவிடுங்கள். முருங்கைக்கீரை போடுவதா, வெற்றிலை போடுவதா என்பதை அம்மாவிடம் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள்.