நண்பர்களோடு வீட்டில் போக்கர்: பிளைண்டும் பை-இன்னும் எவ்வளவு இருக்கலாம்?

கேள்வி: சிங்கப்பூரில் செங்காங் வட்டாரத்து வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் வசிக்கிறேன். மாதம் இரண்டு சனிக்கிழமை இரவுகளில் நாங்கள் ஆறு பேர் என் வீட்டில் கூடி டெக்ஸஸ் ஹோல்டெம் வகைப் போக்கர் சீட்டு ஆடுகிறோம். 10 காசு, 20 காசு பிளைண்டில் (ஒவ்வொரு முறையும் சீட்டைப் பார்க்குமுன் இருவர் முறைவைத்துக் கட்டாயமாக வைக்கும் சின்ன, பெரிய பந்தயம்), ஆளுக்கு 20 வெள்ளி பை-இன்னோடு (ஆட்டத்தில் சேரப் போடும் பணம்) தொடங்குவோம். இரவு பத்தரைக்குமேல் ஆட்டம் மந்தமாகிவிட்டது என்று சொல்லிப் பிளைண்டை 50 காசு, 1 வெள்ளி என உயர்த்திவிடுகிறார்கள். சென்ற மாதம் ஒரு நண்பர் ஒரே இரவில் 240 வெள்ளி இழந்தார். அதில் 140 வெள்ளி இன்னும் கடனாக நிற்கிறது. அவர் அண்மையில்தான் குறைந்த சம்பளத்தில் புது வேலைக்குச் சேர்ந்தவர். வரம்புகளை எப்படி வகுப்பது? சாப்பாட்டுச் செலவுக்காக ஒவ்வொரு கையிலும் (ஒருமுறை சீட்டுப் போட்டு ஆடி முடிப்பது) நடுவில் சேரும் பணத்திலிருந்து 1 வெள்ளி எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: உங்கள் மேசையில் பணம் எந்த வழியாகப் போனது என்பதை முதலில் பார்ப்போம். 10/20 காசு பிளைண்டில் 20 வெள்ளி என்பது நூறு பெரிய பிளைண்டுகளுக்குச் சமம். அந்த அளவு கையில் இருக்கும்வரை ஒருவர் நல்ல சீட்டு வரும்வரை பொறுத்திருக்கலாம், ஒரு கையில் தோற்றாலும் மிச்சத்தை வைத்துத் தொடரலாம். மணிக்கு இருபத்தைந்து கை வீதம் நான்கு மணி நேரம் ஆடினால், ஆறு பேர் மேசையில் பிளைண்ட் ஒவ்வொருவரிடமும் பதினாறு, பதினேழு முறை வரும். சுற்றுக்கு 30 காசு என்பதால், ஒரு கையும் ஆடாமல் உட்கார்ந்திருப்பவருக்குக்கூடச் செலவு 5 வெள்ளியை ஒட்டித்தான் இருக்கும். பத்தரை மணிக்குப் பிளைண்ட் உயர்ந்ததும் அதே 20 வெள்ளி வெறும் இருபது பிளைண்டுகளாகச் சுருங்கிவிடுகிறது. ஒருவர் பந்தயத்தை 3 வெள்ளிக்கு ஏற்றுகிறார், இருவர் அதே தொகையைப் போட்டு உடன் வருகிறார்கள், மேசையில் பொதுவான மூன்று சீட்டு திறந்ததும் இன்னொரு பந்தயம் விழுகிறது. அதற்குள் கையிலிருந்த அத்தனையும் நடுவில் போய்விடும். தோற்றவர் மறுபடியும் 20 வெள்ளிக்கு சிப் (பணத்துக்குப் பதிலாக வைத்து ஆடும் வில்லை) வாங்குகிறார். 240 வெள்ளி என்பது இப்படிப் பன்னிரண்டு முறை வாங்கிய பணம். உங்கள் நண்பர் மோசமாக ஆடினார் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம்; இருபது பிளைண்டோடு, வரம்பின்றி, கடனுக்கு சிப் தரும் மேசையில் யாருக்கும் இது நேரலாம்.

ஆகவே வரம்பை, மேசையில் வருமானம் மிகக் குறைந்தவரிடமிருந்து தொடங்கிக் கணக்கிடுங்கள். மத்திய சேமநிதிப் பிடித்தம் போகக் கைக்கு வரும் சம்பளத்தில் வீட்டுச் செலவு, தவணை, பெற்றோருக்குக் கொடுப்பது, சேமிப்பு எல்லாவற்றையும் கழித்தபின் பொழுதுபோக்குக்கென்று அவரிடம் மாதம் 80 வெள்ளி மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் பாதிக்குமேல் சீட்டுக்குப் போகக் கூடாது என்பது என் கருத்து. அந்த 40 வெள்ளியை இரண்டு இரவுகளுக்குப் பிரித்தால் ஓர் இரவில் அதிகபட்ச இழப்பு 20 வெள்ளி. அதை ஒரே பை-இன்னாக வைக்காமல், 10 வெள்ளி பை-இன், ஒரே ஒரு முறை ரீபை (தோற்றபின் மறுபடி சிப் வாங்குவது) என்று வையுங்கள். நூறு பிளைண்டு கணக்கை இங்கே பொருத்தினால் பெரிய பிளைண்ட் 10 காசு, சின்னது 5 காசு. நன்றாகச் சம்பாதிக்கும் மற்ற ஐவருக்கு இது சிறு தொகையாகத் தோன்றலாம். ஆனால் ஒருவருக்கு மட்டும் தனி வரம்பு வைத்தால் அவர் கூச்சத்தினாலேயே அதை மீறுவார். ஆறு பேருக்கும் ஒரே வரம்புதான் சரி.

சிப்பைப் பிரிப்பதும் எளிது. ஆளுக்கு 5 காசு சிப் பத்து, 25 காசு சிப் பத்து, 1 வெள்ளி சிப் ஏழு கொடுத்தால் சரியாக 10 வெள்ளி ஆகிவிடும். பணத்தை ரொக்கமாக, சீட்டைக் கலைப்பதற்கு முன்பே ஒரு டப்பாவில் போடச் சொல்லுங்கள். ரீபைக்கான இரண்டாவது 10 வெள்ளியையும் வரும்போதே தனி உறையில் கொண்டுவரட்டும். ஆட்டத்தின் நடுவே பேநவ் (கைப்பேசி வழியே உடனே பணம் அனுப்புவது) வேண்டாம். என்னிடம் வந்த ஒருவரின் வங்கி அறிக்கையில் நள்ளிரவு 12:40, 1:05, 1:20 என்று ஒரே நபருக்கு 50 வெள்ளி, 50 வெள்ளி, 100 வெள்ளி அனுப்பிய வரிகளைப் பார்த்திருக்கிறேன். அந்த 100 வெள்ளித் தாளைப் பையிலிருந்து எடுத்து எண்ணி வைக்க வேண்டியிருந்தால் அவர் கை நிச்சயம் தயங்கியிருக்கும்.

ஆட்டம் விறுவிறுப்பாக வேண்டும் என்பவர்களுக்கும் வழி உண்டு. பிளைண்டை ஏற்றிக்கொண்டே போவது போட்டி முறைக்கு உரியது. அங்கே ஒருமுறை கட்டியதற்குமேல் யாரும் இழக்க முடியாது. இரண்டு சனிக்கிழமைகளில் ஒன்றை அப்படி நடத்துங்கள்: ஆளுக்கு 20 வெள்ளி, ரீபை கிடையாது, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை பிளைண்ட் உயரும், சேரும் 120 வெள்ளியில் முதலிடத்துக்கு 80, இரண்டாமிடத்துக்கு 40.

சாப்பாட்டுக்காக நடுவிலிருந்து 1 வெள்ளி எடுக்கும் யோசனையை இப்போதே கைவிட்டுவிடுங்கள். 2022ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடும்பத்தாரும் ஒருவரையொருவர் அறிந்த நண்பர்களும் வீட்டில் நேரில் கூடி ஆடுவதை அனுமதிக்கிறது. ஆனால் ஆடி வென்ற பணத்தைத் தவிர வேறெந்த ஆதாயமும் யாருக்கும் போகக் கூடாது. நூறு கையில் கையொன்றுக்கு 1 வெள்ளி எடுத்தால் 100 வெள்ளி; பரோட்டாவுக்கும் தேநீருக்கும் அவ்வளவு செலவாகாது, மிச்சம் உங்களிடம்தான் தங்கும். ரசீதைப் பார்த்து ஆறாகப் பிரித்துத் தனியே வாங்கிக்கொள்ளுங்கள். வர முடியாத நண்பர் செயலி வழியே பணம் வைத்து ஆடலாமா என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். இந்த விலக்கு இணைய ஆட்டத்துக்குப் பொருந்தாது.

நிலுவையிலுள்ள 140 வெள்ளியைப் பொறுத்தவரை, சூதாட்டக் கடனை நீதிமன்றம் மூலம் வசூலிக்க முடியாது. ஆகவே இது வென்றவரும் தோற்றவரும் பேசித் தீர்க்க வேண்டியது. வீட்டுக்காரர் என்ற முறையில் வென்றவரிடம் நீங்களே பேசி, அந்தத் தொகையை விட்டுக்கொடுக்கவோ மாதம் 20 வெள்ளி வீதம் பெற்றுக்கொள்ளவோ கேளுங்கள். அடுத்த ஆட்டத்தில் ஜெயித்து அடைக்கிறேன் என்று நண்பர் சொன்னால் மட்டும் தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். அவரை மேசைக்கு வெளியே, ஒரு காப்பிக்கடையில் தனியாகச் சந்தித்து, வேறெங்கும் பணம் வைத்து ஆடுகிறாரா என்று நேரடியாகக் கேளுங்கள். ஆம் என்றால், சூதாட்டப் பழக்கத்தால் சிரமப்படுவோருக்கு உதவும் 1800-6-668-668 என்ற எண்ணை அப்போதே அவருடைய கைப்பேசியில் பதிந்து கொடுங்கள்.