ஐடில் 1500ல நிக்குது, திராட்டில் பாடி வாங்கணுமா?

கேள்வி: எங்க பெட்ரோல் காருக்கு பத்து வயசு ஆகுது. இன்ஜின் நல்லா சூடானப்புறமும் ஐடில் (ஆக்சிலேட்டர் மிதிக்காதப்போ இன்ஜின் சுத்துற வேகம்) 1500 ஆர்பிஎம்முக்கு கீழ இறங்கவே மாட்டேங்குது, பெட்ரோலும் ஜாஸ்தி குடிக்குது. ஒர்க்‌ஷாப்ல ஸ்கேன் போட்டாங்க, பி0507 கோட் வந்துச்சு, திராட்டில் பாடியை (இன்ஜினுக்குள்ள போற காத்தை கட்டுப்படுத்துற பார்ட்) முழுசா மாத்தணும்னு சொல்றாங்க. வாங்கிடலாமா?

பதில்: இப்போதைக்கு வாங்காதீங்க. பி0507ன்னா "ஐடில் இருக்கவேண்டியதை விட அதிகமா இருக்கு"ன்னு மட்டும்தான் அர்த்தம், அது உங்களுக்கே மீட்டரைப் பார்த்தா தெரியுதே. எந்த பார்ட் போச்சுன்னு அந்த கோட் சொல்லாது, அதை மட்டும் வச்சு இவ்வளவு விலையுள்ள பார்ட்டை மாத்தச் சொல்றது சரியே இல்ல.

பெட்ரோல் இன்ஜின் வேகமா சுத்துதுன்னா உள்ள காத்து கூட போகுதுன்னு அர்த்தம். ஒண்ணு, இசியுவே (இன்ஜினை கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்) இன்ஜின் இன்னும் குளிர்ச்சியா இருக்குன்னு நினைச்சு ஐடிலை ஏத்தி வச்சிருக்கும். இல்லன்னா எங்கயோ ஓட்டை வழியா காத்து புகுது.

முதல்ல இன்ஜின் ஆறினப்புறம் கூலன்ட் அளவு பாருங்க, குறைஞ்சிருந்தா டெம்பரேச்சர் சென்சார் தப்பா காட்டும். அப்புறம் ஸ்கேனர்ல லைவ் டேட்டா பாக்கச் சொல்லுங்க. சூடான இன்ஜின்ல கூலன்ட் டெம்பரேச்சர் 90 டிகிரி பக்கம் இருக்கணும், 40, 50ன்னு காட்டினா சென்சாரோ தெர்மோஸ்டாட்டோ (கூலன்ட் ஓட்டத்தை சூட்டுக்கு ஏத்த மாதிரி திறந்து மூடுற வால்வு) தான் பிரச்சனை, ரெண்டுமே திராட்டில் பாடி விலைக்கு பக்கத்துலகூட வராது.

அது சரியா இருந்தா வேக்குவம் லீக், அதாவது ஓட்டை வழியா காத்து புகுறது, பழைய வண்டில இதுக்குத்தான் சான்ஸ் அதிகம். பிசிவி ஹோஸ் (இன்ஜினுக்குள்ள சேர்ற வாயுவை திரும்ப காத்து போற வழிக்கு கொண்டுபோற குழாய்), பிரேக் பூஸ்டருக்கு போற ஹோஸ், காத்து போற மேனிஃபோல்டு குழாய் இன்ஜின்ல சேர்ற இடத்துல இருக்குற கேஸ்கெட் எல்லாம் சூட்டுல காய்ஞ்சு போகும். ரப்பர் ஹோஸ் மேல பாத்தா புதுசு மாதிரி இருக்கும், வளையுற இடத்துல அடிப்பக்கம் விரலால அமுக்கினா வாய் பொளந்து நிக்கும், அதனால மேலோட்டமா பாத்துட்டு நல்லா இருக்குன்னு சொன்னா ஒத்துக்காதீங்க (இன்ஜின் ஆஃப்ல இருக்கும்போது மட்டும் கை வைங்க). ஸ்மோக் டெஸ்ட் பண்ணச் சொல்லி கேளுங்க, காத்து போற வழில புகையை விடுவாங்க, அந்த புகை எங்க வெளிய வருதோ அங்கதான் லீக், கண்ணாலயே பாத்துடலாம். ஓடுற இன்ஜின் மேல ஸ்ப்ரே அடிச்சு தேடுறவங்களும் இருக்காங்க, சூடான இன்ஜின்ல அது தீப்பிடிக்கும், வேண்டாம்.

இன்னொண்ணு, சமீபத்துல சர்வீஸ்ல திராட்டில் கிளீன் பண்ணாங்களா, இல்ல பேட்டரி கழட்டினாங்களா? அதுக்கப்புறம்தான் இது ஆரம்பிச்சுதுன்னா ஐடில் ரீலேர்ன் (திராட்டில் எவ்வளவு திறக்கணும்னு இசியுவுக்கு மறுபடி பழக்குறது) பண்ணாம விட்டிருப்பாங்க. அழுக்கு இருந்த காலத்துல இசியு திராட்டில் தகடை கொஞ்சம் கூட திறந்து பழகியிருக்கும், அழுக்கு போனப்புறமும் அதே அளவு திறந்தா காத்து ஜாஸ்தியா போகத்தானே செய்யும். பல வண்டில ஸ்கேனர் வச்சு கொஞ்ச நேரத்துல முடியுற வேலை இது. புது திராட்டில் பாடி மாட்டினாலும் நிறைய வண்டில இதைப் பண்ணியே ஆகணும்!

கேபிள் வச்ச திராட்டில்னா கேபிள்ல கொஞ்சம் தளர்வு இருக்கான்னு பாருங்க, காலடியில போட்ட மேட் பெடல்ல சிக்கியிருக்கான்னும் பாத்துடுங்க. திராட்டில் தகடு மூடி நிக்குற இடத்தை வரையறுக்குற ஸ்டாப் ஸ்க்ரூவை மட்டும் யாரையும் திருக விடாதீங்க, அது ஐடில் அட்ஜஸ்ட் பண்ற ஸ்க்ரூ இல்ல.

இதெல்லாம் பாத்தும் சரியாகல, பி2135 மாதிரி திராட்டில் பொசிஷன் சென்சார் கோடும் வருது, வயரிங்கும் கனெக்டரும் நல்லா இருக்குன்னா அப்போ தாராளமா வாங்குங்க. சேஸிஸ் நம்பர் குடுத்து சரியான பார்ட் நம்பர் எடுங்க, எலக்ட்ரிக்கல் பார்ட்டை ஒருதடவை மாட்டிட்டா பல கடைல திரும்ப எடுக்க மாட்டாங்க. ரீலேர்னும் சேர்த்துத்தான் கூலியான்னு முன்னாடியே கேட்டு பில்லுல எழுத வைங்க, கழட்டின பழைய பார்ட்டையும் கையில வாங்கிக்குங்க.